பேர் வெட்டிய பாத்திரங்கள்

ஜோகுபாளையம்,
பெங்களூர் - 8.
3 நவம்பர் 2003, திங்கள்கிழமை

அன்புள்ள சுனிலுக்கு,

சங்கமித்ரா எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே வைத்துவிடலாம் என்று உனக்குத் தோன்றியிருக்கும். தோன்றியிருந்தால் தப்பில்லை, நான் எழுதுவதே அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கும் தெரியும், முதலில் அதற்கு மன்னித்துக்கொள். நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்கிறாய், புனேயில் குளிர் ஆரம்பித்திருந்தால் போர்த்திக்கொள்ள ஏதாவது வாங்கியிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். அடுத்த வரியில் இங்கே நாங்களும் நலம் என்று எழுத வேண்டும். எழுத முடியவில்லை. உன் அப்பாவுக்கு இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி புதன்கிழமை தொண்டையில் ஆபரேஷன். குரல்வளையில் கட்டி, சோதனையில் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. வேறு எங்கும் பரவவில்லை, எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள். ஆனால் குரல்வளையை முழுசாக எடுக்கிறார்கள், அதற்குப் பிறகு அவரால் பேச முடியாது. இதை உனக்குச் சொல்லவே கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். ஆகஸ்டில் நீ போனை வைத்த நாளிலிருந்து நீங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. "சீக்கைச் சொல்லி அவனை இழுக்கக் கூடாது, கோவம் ஆறினா அவனே பேசுவான்" என்பதுதான் அவர் கட்சி. கோபம் ஆற எத்தனை நாள் ஆகும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, ஆபரேஷனுக்குப் பதினாறு நாள் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். அதனால்தான் லிங்கராஜபுரத்தில் நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூட ஆபீசில், சாப்பாட்டு நேரத்தில், டிபன் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேரில் உன்னிடம் நான் நீ என்று சொன்னதே இல்லை, நான் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்து, நீ புனே போகும் வரை நான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இரண்டு பேருமே ஒருவரை ஒருவர் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்துவிட்டோம். காகிதத்தில் நீங்கள் என்று எழுதிப் பார்த்தேன், வங்கிக்கு எழுதுகிற மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன்.

அந்தப் பாத்திரங்களின் கதையை நீ பாதிதான் கேட்டிருக்கிறாய், மீதியைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உனக்கு விளங்காது. ஜூன் மாதம் நீ போன் செய்து கம்பெனி கொடுத்த அறையை விட்டுத் தனியாக ஒரு வீடு பிடித்திருக்கிறேன், ஒரு ஹால், ஒரு ரூம், சமையலறையில் குழாய் இருக்கிறது என்று சொன்னாயே, அன்றைக்கு உன் அப்பா வீட்டில் நிற்கவே இல்லை. கீழ் வீட்டு லட்சுமம்மாவிடம் சொன்னார், பீடிக் கடையில் சொன்னார், தொழிற்சாலை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். லட்சுமம்மா, "ஏன் கோவிந்தப்பா, மகன் வாடகைக்கு எடுத்ததுக்கே இந்த ஆட்டம், வாங்கியிருந்தா எங்களையெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா" என்று கேலி செய்தார். "வாங்குவான், நீ இருந்து பாப்ப" என்றார் இவர். அப்போதே அவர் குரல் கரகரத்துத்தான் இருந்தது, பீடி என்று நினைத்தோம். வீட்டுக்கு வேண்டியதை நானே பார்த்துக்கொள்கிறேன், எதுவும் அனுப்ப வேண்டாம் என்று நீ சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலண்டர் தாளைக் கிழித்து என் கையில் கொடுத்து, எழுது என்றார். முதலில் பூட்டு. இரண்டாவது வாளி, ஒன்று இல்லை இரண்டு, "தண்ணி எப்ப நிக்கும்னு எந்த ஊர்லயும் சொல்ல முடியாது." மூன்றாவது துடைப்பம், புல்லு ஒன்று, குச்சி ஒன்று. அதற்கப்புறம் தோசைக்கல், கரண்டி, அரிசி களைய ஒரு பாத்திரம், பொடி போட்டு வைக்க ஆறு டப்பா, "மூடி இறுக்கமா இருக்கணும், அவன் மூடறதே இல்ல." ஒரு ஆளுக்கு மூன்று லிட்டர் குக்கர் போதும் என்று என்னோடு வேலை பார்க்கிற பியாட்ரிஸ் சொல்லியிருந்ததைச் சொன்னேன். "அஞ்சு எழுது. சிநேகிதனுங்க நாலு பேர் வந்து உக்காந்தா எழுந்து போங்கடான்னு சொல்லத் தெரியாதவன் அவன்" என்றார். உன் ஒன்பது வயதிலிருந்து பதினெட்டு வயது வரை உனக்குச் சமைத்துப் போட்டவர் அவர், அந்தச் சமையலறை முழுக்க அவர் கைப்பழக்கம், நான் அதில் பின்னால் வந்து சேர்ந்தவள், அதனால் எதிர்த்துப் பேசாமல் அஞ்சு என்று எழுதினேன். கடைசியில்தான் அதைச் சொன்னார். "பரண்ல கெடக்கற பித்தளையைப் போட்டுட்டுப் புதுசா எவர்சில்வரா வாங்கிடு, சும்மா தூசிதானே புடிக்குது." சொல்லும்போது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எதைச் சொல்கிறீர்கள், அந்த இரும்புப் பெட்டியில் இருப்பதா என்று கேட்டேன். அதுதான் என்றார். மறுநாளும் ஒரு தடவை கேட்டேன். "சொல்லிட்டனே" என்றார்.

இரண்டு தடவை கேட்டேன் என்று எழுதினால் என் மேல் தப்பில்லை என்று சொல்வது போல ஆகிவிடும். அப்படி இல்லை. அவர் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துப் பல வருஷம் ஆகியிருக்கும், யோசிக்காமல் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பெட்டியை வருஷத்துக்கு ஒரு முறை இறக்கித் துடைக்கிறவள் நான். தவலை, குடம், தாம்பாளம், இரண்டு சொம்பு, ஒரு சின்ன அண்டா, எல்லாவற்றின் விளிம்பிலும் புள்ளி புள்ளியாகக் கோ. எல்லம்மா 1979 என்று வெட்டியிருக்கும். உன் அம்மாவை நான் பார்த்ததில்லை. அந்தப் பெயரை ஒவ்வொரு பாத்திரத்திலும் படித்துத் துடைத்து அதே மாதிரி அடுக்கி வைப்பேன். ஐந்து வருஷத்தில் இந்த வீட்டில் என் பெயர் போட்ட ஒரு டம்ளர்கூடக் கிடையாது, எங்கள் வீட்டிலிருந்து எனக்குப் பாத்திரம் எதுவும் வரவில்லை, தங்கவயலில் சுரங்கம் மூடுகிற நிலைமையில் என் அப்பா என்னைப் பட்டதாரியாக அனுப்பினாரே தவிர வேறெதுவும் கொடுத்து அனுப்ப அவரால் முடியவில்லை. அந்தப் பரண் காலியாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு எப்போதோ ஒரு எண்ணம் வந்திருக்கிறது, சுனில். அதை யாரிடமும் சொன்னதில்லை. உன் அப்பா போட்டுவிடு என்று சொன்னதும் அந்த எண்ணத்துக்கு ஒரு உத்தரவு கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. நீ கோபப்பட்டதில் நியாயம் இல்லை என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை இரண்டு சாக்கில் கட்டி ஆட்டோவில் போட்டு அல்சூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனேன். சின்னப்பா கடைதான், பழசு எடுத்துக்கொண்டு புதுசு கொடுப்பாரே, நீயும் பார்த்திருப்பாய். பியாட்ரிஸ் கூட வருகிறேன் என்றாள், அவள் வந்திருந்தால் வேறு மாதிரி நடந்திருக்கும், அவளுக்குக் கடையில் சத்தம் போட்டுப் பேச வரும். சின்னப்பா ஒவ்வொன்றாக எடுத்துத் தராசில் வைத்தார், "கனமான சாமானும்மா, இந்தக் காலத்துல யாரு இப்பிடி ஊத்தறான்" என்றார். எடை போட்டு முடித்ததும் பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார், ஒரு ஆள் வந்து தவலையைத் தரையில் குப்புறக் கவிழ்த்துச் சம்மட்டியால் அடித்தார். மூட்டையில் இடம் அடைக்கக் கூடாது என்று அப்படித் தட்டையாக்குவார்கள் என்று எனக்குத் தெரியாது. முழுசாக வைத்திருந்து விற்பார்கள், இன்னொருத்தர் வீட்டில் தண்ணீர் பிடித்து வைப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் அடியில் வாய் கோணிக்கொண்டது, இரண்டாவது அடியில் வயிறு உள்ளே போனது. நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது, தொண்டை வரை வந்தது. கடையில் ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், எடை போட்ட பிறகு வேண்டாம் என்றால் என்ன சொல்வார்களோ என்று கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். கடைகளில், ஆபீஸ்களில், பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போதுகூட எனக்கு வார்த்தை வராமல் நின்றிருக்கிறேன், அதனால் யாருக்கும் நஷ்டம் வந்ததில்லை, நானே இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்திருக்கிறேன். அன்றைக்கு நஷ்டம் உன்னுடையது. தவலைக்குப் பிறகு குடம், குடத்துக்குப் பிறகு சொம்பு, கடைசிச் சொம்பு வரைக்கும் நின்று பார்த்தேன்.

அப்புறம் புதுசு எடுத்தேன், குக்கர், தோசைக்கல், தட்டு நான்கு, டம்ளர் ஆறு, பாலுக்கு ஒரு சொம்பு, உன் அப்பா சொன்ன வரிசையில் எல்லாம். பேர் வெட்டுகிறவர் கடை வாசலில் சின்ன மோட்டாரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், "யார் பேரும்மா" என்று கேட்டார். சீர்ப் பாத்திரம் தவிர மற்றதற்கு எங்கள் பக்கம் கொடுக்கிறவர் பெயரைத்தான் போடுவார்கள். கொடுத்தது யார் என்று எனக்கு அந்த நிமிஷம் தெரியவில்லை. உன் அப்பா கொடுத்தது, ஆனால் அந்தப் பித்தளை உன் அம்மாவுடையது, அவர் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. அதனால் கோ. எல்லம்மா என்று போடச் சொன்னேன். வருஷம் என்ன என்று கேட்டார், 2003 என்றேன். பெயரையாவது அழியாமல் உன்னிடம் சேர்க்கிறோம், அடித்து நசுக்கியதற்கு அது கொஞ்சம் ஈடாகும் என்று நினைத்தேன். செத்துப்போனவர் பெயரோடு செத்துப்போன பிறகு வந்த ஒரு வருஷத்தைப் போட்டு உன் கையில் கொடுக்கிறோம், அதைப் பார்க்கிற உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. பி.ஏ. படித்தவள், பத்து தடவை யோசித்து ஒரு வேலை செய்கிறவள் என்று உன் அப்பா என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். அன்றைக்கு ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. கலாசிப்பாளையத்தில் லாரி பார்சலில் போட்டுவிட்டு, நல்ல காரியம் ஒன்று செய்தேன் என்ற எண்ணத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

ஆகஸ்டில் பார்சல் வந்ததும் நீ போன் செய்தாய். உன் அப்பா எடுத்தார், நீ சத்தமாகப் பேசியதால் சமையலறையில் நின்ற எனக்கும் கேட்டது, ஒட்டுக் கேட்கவில்லை. பழைய பித்தளை எங்கே என்று கேட்டாய், போட்டுவிட்டோம் என்றார். "அந்தத் தவலையிலதான் எங்கம்மா என்னை உக்கார வெச்சுக் குளிப்பாட்டும், உங்களுக்கு ஞாபகம் இருக்கா இல்லையா" என்று கேட்டாய். எனக்கு அது தெரியாது. ஆனால் அவருக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தேன், மறந்துபோயிருந்தது அந்த நிமிஷம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. புது டம்ளர்ல எங்கம்மா பேரைப் போட இவங்க யாரு என்று கேட்டாய். அதற்கும் அவர் பேசவில்லை. "வாயைத் தொறந்து பேசுங்கப்பா, அவங்க பக்கத்துல நிக்கறாங்களா" என்றாய். நீ நினைத்தது போல நான் பக்கத்தில் நின்று தடுக்கவில்லை. பித்தளையைப் போடச் சொன்னது நான்தான் என்று சொல்ல அவர் இரண்டு மூன்று முறை முயற்சி செய்தார், வெறும் காற்றுதான் வந்தது, நீ கத்திக்கொண்டிருந்ததில் அது உனக்குக் கேட்டிருக்காது. எல்லாத்தையும் வாட்ச்மேன்கிட்ட குடுத்துடறேன் என்று சொல்லி வைத்துவிட்டாய். அவர் ரிசீவரைத் திருப்பி வைத்தார். தொண்டை அடைத்ததும் உண்மை, சொல்ல அவரிடம் பதில் இல்லாததும் உண்மை, எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மறுநாள் நான் அரை நாள் லீவு போட்டுச் சின்னப்பா கடைக்குப் போனேன். ஒரு துண்டாவது இருக்கிறதா என்று கேட்டேன், அன்றைக்கு வாய் திறந்தது. "ஒரு மாசம் ஆச்சேம்மா, உருக்கி இந்நேரம் வேற எதுவோ ஆயிருக்கும். பின்னால கெடக்கறதைப் பாரு, உன்னுது இருந்தா எடுத்துட்டுப் போ" என்றார். பின்னால் இருந்த மூன்று மூட்டையையும் கொட்டிப் பார்த்தேன். யார் யார் பெயரோ இருந்தது. உன் அம்மா பெயர் இல்லை. அடுத்த வாரமும் போய்ப் பார்த்தேன். இல்லை.

அதற்கப்புறம் அவர் குரல் தேறவே இல்லை. கோபத்தில் கத்தியிருந்தாலாவது தொண்டை கட்டியது என்று சொல்லலாம், அவர் கத்தவே இல்லையே. செப்டம்பரில் கஷாயம், உப்புத் தண்ணீர், தொழிற்சாலை டாக்டர் கொடுத்த மாத்திரை எல்லாம் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை வெட்டி எடுத்து அனுப்பினார்கள், பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்த டாக்டர் வடக்கத்திக்காரர், தமிழும் தெரியாது, கன்னடமும் நான்கு வார்த்தைதான், என்னைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, இவருக்குச் சொல்லுங்கள் என்று கையைக் காட்டினார். என் வீட்டில் முதல் முதலாகக் காலேஜுக்குப் போனவள் நான், அந்தப் படிப்பு இதற்குத்தான் உதவும் என்று யாராவது சொல்லியிருந்தால் போயிருக்கமாட்டேன். கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சு விட வைப்பார்கள், அது எப்போதுமே அப்படித்தான் இருக்கும், பேச்சு வராது என்று தமிழில் சொன்னேன். உன் அப்பா டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம், "சூப்பர்வைசருக்குச் சந்தோஷம், இருபத்தெட்டு வருஷமா வாயை மூடுடான்னு சொல்லிட்டு இருந்தான்" என்றார். இவர் என்ன சொன்னார் என்று டாக்டர் என்னைக் கேட்டார். நான் இங்கிலீஷில் அதைச் சொல்லவில்லை, சரி என்கிறார் என்று சொன்னேன்.

பேச முடியாதவர்கள் எழுதிக் காட்டலாம், ஒரு நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அங்கே ஒரு நர்ஸ் சொன்னார். உன் அப்பா நான்காவதோடு நின்றவர் என்பது உனக்குத் தெரியும். பஸ் போர்டு படிப்பார், சம்பளக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவார், அதற்கு மேல் எழுத வராது. அதனால் இப்போது ஒரு மாதமாகச் சாயங்காலம் சாப்பிடுவதற்கு முன் எழுதிப் பழகுகிறார், நான் பக்கத்தில் உட்காருகிறேன். என்ன வார்த்தை முதலில் வேண்டும் என்று கேட்டேன். யோசித்து, "வேணாம்" என்று எழுதக் கற்றுக்கொடு என்றார், ஆஸ்பத்திரியில் அதுதான் நிறையத் தேவைப்படுமாம். வேணாம், தண்ணி, வலி, போதும், இந்த நான்கும் வந்துவிட்டது. சோறு என்பதில் அந்தக் கொம்பு எங்கே போடுவது என்று தினமும் சண்டை. கைக்குப் பழக்கம் லேத்தில்தான், பேனாவை இரும்புக் கம்பி பிடிப்பது போலப் பிடிக்கிறார், காகிதம் கிழிகிறது. உன் பெயரை அவராகவே ஒரு நாள் எழுதிப் பார்த்தார், னி போடுவதற்குப் பதில் னீ போட்டிருந்தது, நான் திருத்தவில்லை. ஒரு கடிதம் எழுதுகிற அளவுக்கு அவர் கை வருமா என்று எனக்குச் சந்தேகம்தான், உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. அவர் மனதில் இருப்பதை என்னிடம் சொல்லி நான் எழுதி அனுப்பலாம் இல்லையா என்று கேட்டேன், "என் புள்ளைக்கு என் பேச்சை நீ எதுக்கு எழுதணும்" என்று சொல்லிவிட்டார், அதில் கோபம் இல்லை, ஆனால் அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

மற்றபடி இங்கே தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஏதோ கேபிள் போடுகிறார்களாம், பழைய மெட்ராஸ் ரோடு வரைக்கும் மண்ணில்தான் நடக்க வேண்டும். லட்சுமம்மா அவருக்கு ராகி கஞ்சி காய்ச்சி மேலே கொண்டுவந்து கொடுக்கிறார், வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போகிறார், முன்பு மாதிரி கேலி பேசுவதில்லை. எனக்கு அந்தக் கேலி இல்லாததுதான் பயமாக இருக்கிறது. தொழிற்சாலையில் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்கிறார்கள், அதைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம், பணம் கேட்டு எழுதுகிறேன் என்று தயவுசெய்து நினைக்காதே. பீடியை விட்டுவிட்டார், விட்டு என்ன, கையில் ஒரு தீக்குச்சியை வைத்து உருட்டிக்கொண்டே இருக்கிறார். புத்த விகாரத்துக்குப் பௌர்ணமிக்குப் போய் வந்தோம், சாங்கியங்களில் அவருக்கு நம்பிக்கை இல்லை என்று உனக்குத் தெரியும், ஆனால் எல்லோரும் சேர்ந்து சரணம் சொல்லும்போது அவரும் சொன்னார், அவர் குரல் அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை, உதடு அசைந்தது தெரிந்தது.

பாத்திரங்களை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டாயோ வைத்திருக்கிறாயோ எனக்குத் தெரியாது, எது செய்திருந்தாலும் சரி. கொடுத்திருந்தால் வேறு வாங்கிக்கொண்டிருப்பாய். ஹோட்டலிலேயே சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, அரிசியும் பருப்பும் ஒரு குக்கரும் இருந்தால் ஒரு நாள் ஓடிவிடும். குக்கர் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ரப்பர் வளையத்தை ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவு, கூட ஒரு வளையம் வாங்கி வை, அது எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் அறுந்துபோகும். புதுத் தோசைக்கல்லில் முதல் நாளே தோசை வராது, வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தோய்த்து நான்கைந்து நாள் தேய்த்து வை. வீட்டுக்காரரிடம் இன்னொரு சாவி இருக்கும், பூட்டை மாற்றிக்கொள். மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் இருட்டில் கை போகிற இடத்தில் வை. தரையில் படுக்கிறாய் என்றால் பாய் மட்டும் போதாது, அந்த ஊர்த் தரை குளிர் ஏறும் என்று சொல்கிறார்கள், ஒரு பஞ்சு மெத்தை வாங்கு. வீட்டுக்குத் தேவையானது எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதே, இல்லாமல் ஒரு வாரம் இருந்து பார்த்தால் எது உண்மையில் வேண்டும் என்று தெரியும். இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று நீ நினைக்கலாம், சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவர் சொல்ல வேண்டியதில் பாதியை நான் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்.

உன்னைவிட எட்டு வயதுதான் பெரியவள், ஆசீர்வாதம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. நீ நோய் இல்லாமல், யாருக்கும் பயப்படாமல், உன் வீட்டில் நிம்மதியாக இருக்க வேண்டும். உன் அப்பா சார்பிலும் அதையே எழுதுகிறேன், அவர் இப்படி எழுதச் சொல்லவில்லை, ஆனால் இதைவிட வேறு எதையும் அவர் உனக்கு நினைத்ததில்லை. படுக்கப் போகும் முன் சிலிண்டர் வால்வை மூடு, அடுப்பில் திருகினால் மட்டும் போதாது. என் மேல் உள்ள கோபத்தை வைத்துக்கொள், அது உன்னுடையது, அதைக் கேட்டு வாங்க நான் எழுதவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கத்தான் எழுதினேன், எழுத ஆரம்பித்ததிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறேன். பதினேழாம் தேதி திங்கள்கிழமை காலையில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் தேதி, காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் நான் வீட்டில் இருக்கமாட்டேன். லிங்கராஜபுரத்தில் பியாட்ரிஸ் வீட்டுக்குப் போகிறேன், அவளிடம் சொல்லி வைத்துவிட்டேன், ஒரு மணிக்கு முன்னால் திரும்பமாட்டேன். அந்த நேரத்தில் போன் அடித்தால் அவர்தான் எடுப்பார். நான் எழுதியதைச் சொல்ல வேண்டாம், சீக்கைப் பற்றிப் பேச வேண்டாம், நீயாகத்தான் கூப்பிட்டாய் என்று இருக்கட்டும், எதை வேண்டுமானாலும் கேள், சண்டை போட்டாலும் சரி, அவரைப் பேச விடு. கட்டிலிலிருந்து எழுந்து வந்து எடுக்கக் கொஞ்ச நேரமாகும், விடாமல் அடிக்க விடு. எடுத்த பிறகு முதலில் ஒன்றும் கேட்காது, மூச்சு மட்டும் கேட்கும், லைன் சரியில்லை என்று நினைத்து வைத்துவிடாதே சுனில், அது அவர்தான்.

சங்கமித்ரா